சாமி எடத்துல வீடு கட்டுனா உங்களுக்கு எங்க வலிக்குது?

கேள்வி: எங்க ஊர்ல கோயிலுக்கு சொந்தமான பொட்டல்ல மீனவங்களுக்கும் கூலி சனங்களுக்கும் கொறஞ்ச வாடகைல வீடு கட்டலாம்னு பேச்சு அடிபடுது. வேணாம், வேற எடம் பாருங்கன்னு எங்க தெருக்காரங்க சொன்னா ஏழைக்கு எதிரின்னு முத்திரை குத்துறாங்க. சிவன் சொத்து குல நாசம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அமெரிக்காவுலயே சர்ச் எடத்துல வீடு கட்டுனா அக்கம்பக்கத்துல எதிர்க்கத்தானே செய்றாங்க?
(வணிகர் ஒருவர், ராமநாதபுரம் கடலோரம். நீளமான கடிதம், சுருக்கிப் போட்டிருக்கு)

பதில்: அமெரிக்காவ நீங்களே இழுத்துட்டதால அதையே மொதல்ல முடிச்சிருவோம். எதிர்த்தாங்க, வாஸ்தவம்தான், பார்க்கிங் போச்சு, டிராஃபிக் ஆயிரும், மனை வெல எறங்கிரும்னு உங்க கடிதத்துல இருக்கற அதே பாட்டுதான். அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுங்கறத மட்டும் சௌகரியமா விட்டுட்டீங்க. கலிபோர்னியால 2023ல எஸ்பி 4னு ஒரு சட்டம் போட்டாங்க. சர்ச்சோ மசூதியோ கோயிலோ, தன் சொந்த எடத்துல கொறஞ்ச வருமானக்காரங்களுக்கு வீடு கட்டுனா, விதிப்படி இருக்கற வரைக்கும் உள்ளூர்க்காரங்க மீட்டிங் மேல மீட்டிங் போட்டு இழுத்தடிக்க முடியாது, வாடகை வீடுன்னா 55 வருஷத்துக்கு வாடகைய ஏத்தி விடவும் முடியாது. இனிமே அமெரிக்கா பேரச் சொல்லி எதிர்க்கறதா இருந்தா இதையும் சேத்து சொல்லுங்க.

நம்ம கதை வேற. இங்க கோயில் எடத்துக்கு சாமிதான் சொந்தக்காரர், கேட்டு வாங்கணும்னா அறநிலையத்துறைகிட்ட போகணும். அறநிலையத்துறையோட 1959 சட்டத்துல 34வது பிரிவு, அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைன்னாலோ விக்கறதுன்னாலோ அந்தத் துறை கமிஷனர் அனுமதி வேணும், அதுவும் கோயிலுக்கு அவசியம்னோ நன்மைன்னோ இருந்தாத்தான். அனுமதி இல்லாம செஞ்சா செல்லாது. வக்ஃபு சொத்தும் 2013 திருத்தத்துக்கு அப்புறம் விக்கவே முடியாது.

பட்டா போட்டு குடுத்துருங்கன்னு கேக்கற கட்சிக்காரங்களுக்கும் நான் ஆள் இல்ல. 2019ல ரொம்ப நாளா குடியிருக்கறவங்களுக்கு கோயில் எடத்தையும் சேத்து வரன்முறைப்படுத்தலாம்னு அரசு ஒரு ஜிஓ போட்டுச்சு, ஹைகோர்ட் அதை நிறுத்தி வச்சுச்சு. நிறுத்துனது சரிதான். இன்னைக்கு பட்டா வாங்குற மீனவர்கிட்ட நாளைக்கே லாட்ஜ் கட்றவன் வந்து கத்தையா நீட்டுவான், ராமேஸ்வரம் பக்கம் மனை வெல போற போக்கு உங்களுக்கு தெரியாததா? எடம் சாமி பேர்லயே இருக்கட்டும், நீண்ட குத்தகைக்கு வீடு கட்டி வாடகை கோயிலுக்கு வரட்டும், இதத்தான் உங்க ஊர்லயும் பேசுறாங்க. இதுல யார் குலம் நாசமாவுது? சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கற பொட்டல்ல இருந்து சாமிக்கு இன்னைக்கு எத்தன ரூவா வருது?

சிக்கல் இன்னொரு எடத்துல இருக்கு, அதப் பத்தி யாரும் வாயே தொறக்கறதில்ல. வீடு கட்டிக்கப் பணம் தர்ற அரசு திட்டத்துக்குப் போனா மொத கேள்வி மனை உன் பேர்ல இருக்கா, பட்டா எங்கன்னுதான். கலைஞர் கனவு இல்லத்துல 360 சதுர அடிக்கு மூணரை லட்சம் தர்றாங்க, கோயில் அடிமனைல, அதாவது கோயில் மண்ணுக்கு வாடகை கட்டி, குடிசை போட்டவங்களுக்கு அது வெறும் விளம்பரம். போன மாசம் இந்தக் கரையில ஒரு குடியிருப்புக்குப் போனேன். கூரைக்கு ஏதோ கல்யாண ஃப்ளெக்ஸத் திருப்பிப் போட்டுருக்காங்க, மாப்பிள்ள மூஞ்சி உள்பக்கமா பாத்துகிட்டு இருக்கு. அந்த வீட்டு அம்மா டால்டா டப்பாவத் தொறந்து அடிமனை வாடகை ரசீதுகள எடுத்துக் காட்டுனாங்க, பாலிதீன் கவர்ல சுத்தி ரப்பர் பேண்டு போட்டு வச்சுருக்காங்க. ஒரு குறிப்பிட்ட வருஷத்துக்கு மேல ரசீதே இல்ல. ஏன்னு கேட்டேன். "நீங்கள்லாம் ஆக்கிரமிப்புன்னு எழுதிட்டாகய்யா, அதுக்கப்புறம் காசு குடுத்தாலும் வாங்க மாட்டேங்குறாக" அப்படின்னாங்க. வாடகை கட்டத் தயாரா இருக்கறவங்கள நாமளே ஆக்கிரமிப்பாளரா ஆக்கிட்டு அப்புறம் சிவன் சொத்துன்னு பழமொழி சொல்றோம், நல்லா இருக்கு.

வேற எடம் பாருங்கன்னு சொல்றீங்களே, எங்க பாக்கறது? ஒரு பக்கம் கடல், அங்க சிஆர்இசட்னு கடலோரக் கட்டுப்பாட்டு விதி. இன்னொரு பக்கம் கண்மாய், அதுல கட்டக் கூடாது, கட்டவும் வேணாம். மிச்சம் உப்பளம். 1964 புயல்ல தனுஷ்கோடி போன கதை தெரிஞ்சவங்க யாரும் அந்த சனங்கள இன்னும் தள்ளிக் கடலுக்குள்ள போய் இருங்கன்னு சொல்ல மாட்டாங்க.

உங்க கடிதத்துல ஒரே ஒரு வரி நியாயம், தண்ணி. நம்ம ஜில்லாவுல வீடு கட்றது பெரிசில்ல, கொடம் நெறையறதுதான் பெரிசு. காவிரிக் குழாய்ல காத்து வர்ற தெருவுல இன்னும் நூறு வீடு சேந்தா சண்டை வரும், வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். கமிஷனர் அனுமதிக்கு முன்னாடி ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு போடணும், அப்ப தண்ணியப் பத்தி எழுதிக் குடுங்க, வீடு கட்டறதுக்கு முன்னாடி தண்ணித் தொட்டி கட்டு, லைன் போடுன்னு கேளுங்க, நானும் கையெழுத்து போடுறேன். "அந்த மாதிரி ஆளுங்க வந்தா தெரு மரியாதை போயிரும்"னு ரெண்டாவது பக்கத்துல எழுதியிருக்கீங்களே, அதை மட்டும் எழுதாதீங்க.

அப்புறம் ஒண்ணு. உங்க லெட்டர்பேடுல கடை விலாசம் சன்னதி தெருன்னு அச்சடிச்சிருக்கு. அந்தக் கடை யார் எடத்துல இருக்கு, மாச வாடகை எவ்வளவு, கடைசியா எப்ப கட்டுனீங்க? அடுத்த கடிதத்துல எழுதுங்க, அதையும் போடுறேன்.