கேப் போட்ட பல்லைச் சுற்றி ஈறு சிவந்து வாய் எரிகிறது. உலோக அலர்ஜியாக இருக்குமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பல் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அதே தொந்தரவைத்தான் ஐந்து மாதம் நான் ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என்ன கேப் என்று நீங்கள் எழுதவில்லை. பில்லில் 'செராமிக் கேப்' என்று போட்டிருக்கும் என நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெளியே வெள்ளையாகப் பல் மாதிரியே இருக்கும், உள்ளே உலோகம். விலை குறைந்த செராமிக் கேப்பில் அது பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் கலவை. அதில் 60 முதல் 80 சதவீதம் வரை நிக்கல்தான். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்து, 4,500 ரூபாய்க்கு கேப் போட்டேன். மூன்றாவது வாரம் அந்தப் பல்லைச் சுற்றி ஈறு செக்கச்செவேலென்று ஆனது. பிரஷ் பட்டாலே ரத்தம். அப்புறம் நாக்கின் அந்தப் பக்க ஓரம் எரிய ஆரம்பித்தது. ரசம் சாதம்கூட வாயில் வைக்க முடியவில்லை. கன்னத்தின் உள்பக்கம், கேப் உரசுகிற இடத்தில் மட்டும், வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

கேப் போட்ட டாக்டர் நான் சரியாகப் பல் துலக்குவதில்லை என்றார். 46 வயதில் ஒரு டீச்சரிடம் அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? கொப்பளிக்க மருந்தும் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் கொடுத்தார். உடம்புச் சூடு என்று அத்தை மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் செய்து கொடுத்தார்கள். சாப்பிட்டால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். இன்னொரு டாக்டர் என் வயதைக் கேட்டதும், மாதவிடாய் நிற்கும் சமயம், மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் விடை கிடைத்தது தோல் டாக்டரிடம். விரல் இடுக்கில் பழைய கரப்பான் திரும்ப வந்ததால் போனேன். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகுமா?" ஆகும். கல்லூரி நாளில் ஆசைப்பட்டு வாங்கிய கவரிங் ஜிமிக்கியால் காது நீர் வடிந்து, அதோடு கவரிங்கையே விட்டவள் நான். அடுத்த கேள்வி, "சமீபத்தில் பல்லில் ஏதாவது வைத்தீர்களா?" எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். திங்கட்கிழமை முதுகில் சின்னச் சின்ன வில்லைகளாக ஒட்டி, புதன்கிழமை எடுத்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பார்கள். இந்த வகை அலர்ஜி உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் எடுக்கும். நிக்கல் வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. பெரும்பாலும் காது குத்தி மலிவான தோடு போடும் வயதிலேயே உடம்பு நிக்கலைப் பகையாக எடுத்துக்கொள்கிறதாம். அப்புறம் ஆயுசுக்கும் போகாது. ஐரோப்பாவில் 1994லேயே நகையிலிருந்து கசியும் நிக்கலுக்குச் சட்டம் போட்டு வரம்பு வைத்துவிட்டார்கள்.

அந்த வாரம் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. மே மாதம், ஸ்பெஷல் கிளாஸ் நடக்கிறது. லீவு கேட்டதற்கு "பல்லுக்கெல்லாம் லீவா?" என்றார்கள். பன்னிரண்டு வருடத்தில் என் மெடிக்கல் லீவு மொத்தம் ஒன்பது நாள். என் பிள்ளைகள் வருடா வருடம் சென்டம் வாங்குகிறார்கள். இதைப் பல்லோடு சேர்த்து எழுதக் கூடாதுதான், ஆனால் ஆறவே மாட்டேன் என்கிறது. மின்விசிறி ஓடாத வகுப்பில் வில்லைகளோடு நின்று பாடம் எடுத்தேன்.

பல் டாக்டர்கள் யாராவது படித்தால் கோபப்பட வேண்டாம். கேப்பைச் சுற்றி ஈறு சிவந்தால் பெரும்பாலும் ஓரம் சரியாகப் பொருந்தாததும் அழுக்கு சேருவதும்தான் காரணம் என்று எனக்கும் தெரியும். ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தாலும் அது அலர்ஜி இல்லை. பேட்ச் டெஸ்டில் நிக்கல் ஒத்துக்கொள்ளாத பலர் வாயில் அதே உலோகத்தோடு சுகமாக இருக்கிறார்கள். ஆகவே என் பதிலைப் படித்துவிட்டு நாளைக்கே போய்க் கேப்பைக் கழற்றாதீர்கள். எனக்கும் இரண்டாவது பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, ஓரம் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் கழற்றினார்.

கழற்றி, தற்காலிகமாகப் பிளாஸ்டிக் கேப் வைத்தார். இரண்டு வாரத்தில் எரிச்சல் நின்றது. வெள்ளைக் கோடு மறைய ஒன்றரை மாதம் ஆனது. அப்புறம் உலோகமே இல்லாத சிர்கோனியா கேப், 11,000 ரூபாய். கை கரப்பான் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை.

நீங்கள் முதலில் கேப் போட்ட இடத்தில், உள்ளே என்ன உலோகம் என்று கேப் செய்த லேபில் கேட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். ஐம்பது ரூபாய் மாத்திரை அட்டையில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடிக்கிறார்கள், வருடக்கணக்கில் வாயில் இருக்கப்போவதற்கு ஏன் இல்லை? அடுத்து, கவரிங் தோடு, வாட்ச் பக்கிள், ஜீன்ஸ் பட்டன் பட்ட இடம் எப்போதாவது அரித்ததா என்று யோசித்துப் பாருங்கள். அரித்திருந்தால் தோல் டாக்டரிடம் அதையும் கேப்பையும் சேர்த்தே சொல்லுங்கள். கேப் போட்டு எத்தனை வாரம் கழித்து எரிச்சல் வந்தது என்று இங்கே எழுதினால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.