நாடாவை எங்கே வெட்டுவது?

(இம்மாத வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர், கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை.)

கேள்வி: பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் சில நேரம் அதைக் கொல்லாமல், தன் டி.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிட்டுச் சும்மா இருந்துவிடும் என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எப்படிச் செருகுகிறது? வெட்டுவது யார், ஒட்டுவது யார்?
– பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

பதில்: பாதிக் குழப்பம் ‘செருகுகிறது’ என்ற சொல்லிலேயே இருக்கிறது அம்மா. புத்தகத்துக்குள் மயிலிறகை வைப்பதுபோல் நினைக்கத் தோன்றும். நடப்பதோ வெட்டி முடிச்சுப் போடும் வேலை. இதை நடத்தும் அன்று வகுப்புக்கு இரண்டு பாவாடை நாடா கொண்டுபோவேன். பையன்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். நீயும் ஒரு நீள நாடாவும் ஒரு குட்டை நாடாவும் எடுத்துக்கொள்.

நீளமானது ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் குரோமோசோம். சுமார் 46 லட்சம் எழுத்து. (எழுத்து என்றால் டி.என்.ஏ. இழையின் அலகு; மொத்தமே நான்கு வகைதான்.) (நிஜத்தில் அது வட்டம். நமக்கு அதில் ஒரு துண்டு போதும்.) குட்டை நாடா, ஈ. கோலையைத் தாக்கும் லாம்டா என்ற வைரஸின் டி.என்.ஏ.; 48,502 எழுத்து. அதில் மரபணுக்களுக்கு அடையாளமாக 1 முதல் 6 வரை வரிசையாக எழுது.

வைரஸின் தலைக்குள் இருக்கும்வரை லாம்டாவின் டி.என்.ஏ. நீட்டமாகத்தான் இருக்கும். இரண்டு நுனியிலும் 12 எழுத்து மட்டும் ஒற்றை இழையாகத் துருத்திக்கொண்டிருக்கும். ஒன்று கொக்கி என்றால் மற்றது அதற்கேற்ற வளையம். பாக்டீரியாவுக்குள் போனதும் இரண்டும் மாட்டிக்கொண்டு டி.என்.ஏ. வட்டமாகிவிடும். அந்த இணைப்பை நிரந்தரமாகத் தைத்துக்கொடுப்பது பாக்டீரியாவின் சொந்த நொதி. பாவம், யாருக்குத் தைக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. சரி, உன் குட்டை நாடாவையும் வளையமாக முடிந்துகொள்.

இனி முகவரி. வளையத்தில் 3க்கும் 4க்கும் நடுவே மையால் ஒரு கோடு போடு. நீள நாடாவிலும் ஓரிடத்தில் அதே கோடு. நிஜத்தில் அந்தக் கோடு 15 எழுத்து. வைரஸிலும் பாக்டீரியாவிலும் அச்சு அசலாக ஒன்றே. பாக்டீரியாவில் அது இருப்பது, கேலக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களுக்கும் பயோட்டின் வைட்டமினைத் தயாரிக்கும் மரபணுக்களுக்கும் இடையில். 15 எழுத்து ஒரு முகவரிக்குப் போதுமா என்று கேட்பாய். நான்கு எழுத்தை வைத்து 15 கட்டங்களை நிரப்ப நூறு கோடிக்கு மேல் வழிகள் உண்டு. 46 லட்சம் எழுத்துக்குள் அதே வரிசை தற்செயலாக இன்னோர் இடத்தில் வருவது அபூர்வம்.

வெட்டுவதும் ஒட்டுவதும் ஒரே ஆள்தான். இன்டக்ரேஸ் என்ற நொதி. வைரஸின் மரபணுவிலிருந்து வருவது. ஆனால் தனியாக அதனால் முடியாது. பாக்டீரியாவின் புரதம் ஒன்று வந்து வைரஸின் டி.என்.ஏ.வைக் கொல்லிமலைப் பாதை மாதிரி கொண்டை ஊசியாக வளைத்துத் தந்தால்தான் இன்டக்ரேஸுக்குப் பிடி கிடைக்கும். 1970களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹோவர்ட் நாஷ் இந்த முழு வேலையையும் பாக்டீரியாவுக்கு வெளியே, சோதனைக் குழாயிலேயே நடத்திக் காட்டினார். வளைத்துத் தரும் புரதம் பிடிபட்டது அந்த ஆராய்ச்சியில்தான்.

வெட்டு நேராக விழாது. ஓர் இழையில் விழும் இடத்துக்கு 7 எழுத்து தள்ளி மறு இழையில் விழும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: வெட்டிய நுனியை இன்டக்ரேஸ் விட்டுவிடாது. தன்னோடு வேதிப்பிணைப்பாகப் பிடித்துக்கொண்டே இருந்து, எதிர் நாடாவின் நுனியோடு சேர்த்துவிட்டுத்தான் கையை எடுக்கும். அறுத்த பிணைப்பின் ஆற்றல் கையிலேயே இருப்பதால் ஒட்டுவதற்கு ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவே இல்லை.

இப்போது நீ இரண்டு நாடாவையும் கோட்டில் வெட்டி, மாற்றி முடிச்சுப் போடு. ஒரே நீள நாடாவாகிவிடும். எண்களைப் படித்துப் பார்: 4, 5, 6, 1, 2, 3. பையன்களின் சிரிப்பு அடங்குவது இந்த இடத்தில்தான். வட்டமாகி, நடுவில் வெட்டுப்பட்டு நுழைந்தால்தான் இப்படி வரிசை மாறும். 1962இல் ஆலன் கேம்பெல் இந்த வட்டக் கணக்கைச் சொன்னார். மரபணு வரைபடங்களும் இந்த வரிசை மாற்றத்தைத்தான் காட்டின.

கேள்வி: உள்ளே போன வைரஸ் எப்போது வெளியே வரும்?
– வாசகர், சிதம்பரம்

பதில்: உள்ளே இருக்கும்போது அது முக்கியமாக ஒரு அடக்கு புரதத்தைச் சுரந்துகொண்டிருக்கும், மற்ற வைரஸ் மரபணுக்களில் பெரும்பாலானவை வாய் திறக்காது. புற ஊதா ஒளி பட்டு பாக்டீரியாவின் டி.என்.ஏ. சேதமானால், அந்த அடக்கு புரதம் தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். அப்புறம் இன்டக்ரேஸ் இன்னொரு வைரஸ் புரதத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அதே கோட்டில் வெட்டி வளையத்தை வெளியே எடுக்கும். கப்பல் மூழ்கும் முன் இறங்கிவிடுகிற பயணி. புற ஊதாவால் இப்படி எழுப்பலாம் என்று 1950இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆந்த்ரே ல்வோஃப் குழுவினர் காட்டினார்கள்.

எம்.எஸ்சி. படித்தபோது இதே சோதனையைச் செய்தேன் ஐயா. புற ஊதா விளக்கடியில் நொடி எண்ணி வைத்து எடுத்தேன். அப்புறம் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று குடுவையை ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ஒரு வைரஸ்கூட எட்டிப் பார்க்கவில்லை. பாக்டீரியாவிடம் ஒரு நொதி உண்டு. சாதாரண வெளிச்சம் கிடைத்தால் புற ஊதா செய்த சேதத்தைச் சரிசெய்துவிடும். சேதம் போனால் வைரஸ் ஏன் எழுந்திருக்கப்போகிறது? மறுமுறை குடுவையைக் கறுப்புத் தாளில் சுற்றினேன். சில மணி நேரத்தில், கலங்கலாக இருந்த கரைசல் தெளிந்துவிட்டது, பாக்டீரியாக்கள் வெடித்திருந்தன.

கேள்வி: இதனால் மனிதர்களுக்கு என்ன? பாக்டீரியாவும் வைரஸும் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டுமே!
– வாசகி, ஈரோடு

பதில்: நானும் அப்படி விட்டுவிடத்தான் பார்த்தேன். ஆனால் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) கிருமி தானாக நஞ்சு தயாரிப்பதில்லை. அதன் நஞ்சு மரபணு, உள்ளே செருகியிருக்கும் வைரஸுக்குச் சொந்தம். நஞ்சில்லாத கிருமி, வைரஸ் தொற்றியதும் நஞ்சுக்காரனாக மாறுவதை 1951இல் விக்டர் ஃப்ரீமன் காட்டினார். காலராவும் அப்படியே. கல்கத்தாவில் எஸ்.என். டே 1959இல் காட்டிய காலரா நஞ்சின் மரபணு ஒரு வைரஸில் இருக்கிறது என்று 1996இல் வால்டரும் மெக்கலானோஸும் அறிவித்தார்கள். அந்த வைரஸிடம் சொந்தக் கத்தரிகூடக் கிடையாது. பாக்டீரியாவின் கத்தரியை வாங்கியே வெட்டிக்கொள்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கும் ஈ. கோலை கே-12 என்ற வகை, 1922இல் கலிஃபோர்னியாவில் தொண்டை அடைப்பானிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் மலத்திலிருந்து எடுத்தது. லாம்டா அதற்குள் ஒளிந்தே இருந்தது. 1951இல் எஸ்தர் லெடர்பெர்க் அறிவிக்கும்வரை, அத்தனை ஆண்டும் அதை வளர்த்தவர்கள் யாருக்கும் உள்ளே ஒருவர் குடியிருப்பது தெரியாது.

கேள்வி: எல்லா வைரஸும் முகவரி பார்த்துத்தான் நுழையுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. மியூ என்று ஒன்று இருக்கிறது. கிடைத்த இடத்தில் நுழையும். ஏதாவது ஒரு மரபணுவின் நடுவில் விழுந்து அதைக் கெடுத்துவிடும். அதனால்தான் ‘மியூட்டேட்டர்’ என்ற சொல்லைச் சுருக்கி மியூ என்று பெயர் வந்தது. அதற்கு என் நாடா உதவாது. எங்கே கோடு போடுவது?