பத்தாயிரம் லீற்றர் இயந்திரமும் எண்ணாயிரம் லீற்றர் தாங்கியும்

வணக்கம் ஐயா,

லண்டன் ஹரோவில் எங்கள் ஊரவர் சேர்ந்து பதிவுசெய்த தொண்டு அமைப்பொன்றை நடத்தி வருகிறோம். புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு, வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்ப்பு உதவி, முதியோருக்குப் புதன்கிழமை மதியச் சாப்பாடு என்பவைதான் இதுவரை செய்தவை. இப்போது ஊருக்கும் ஏதாவது செய்யவென்று 18,000 பவுண் சேர்த்திருக்கிறோம். ஊர் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம், 120 குடும்பங்கள். கிராம அபிவிருத்திச் சங்கம் குடிநீருக்கு, தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கேட்கிறது. நாளுக்கு 10,000 லீற்றர் தரும் இயந்திரத்துக்குக் கொழும்பு நிறுவனமொன்று விலை தந்துள்ளது. எங்கள் குழுவில் சிலர் கறவை மாடு கொடுக்கலாம் என்கிறார்கள். ஓகஸ்ட்டில் பத்துப் பேர் ஊருக்கு வருகிறோம், அப்போது திறந்து வைத்தால் வசதி. எது சரியென்று சொல்வீர்களா?

க., லண்டன்

அன்புள்ள க.,

ஊர் என்ன கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர்க் கிணறுகளின் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. அது தெரியாமல் எந்த இயந்திரத்துக்கும் முற்பணம் கட்ட வேண்டாம்.

வன்னியின் உட்பகுதி பெரும்பாலும் கரும்பாறை நிலம். தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் நிற்கிறது. அதனால் ஒரு வளவுக் கிணறு நன்றாகவும் நூறு யார் தள்ளி இன்னொன்று வாயில் வைக்க முடியாததாகவும் இருக்கும். ஊரில் எட்டுக் கிணறுகளைத் தெரிவு செய்யுங்கள்: பாடசாலை, கோயில், பொதுக்கிணறு, குழாய்க்கிணறு இருந்தால் அதில் இரண்டு, மிச்சம் வீட்டுக் கிணறுகள். மழைக்கு முன் செப்ரெம்பர் கடைசியில் ஒருமுறை, மழைக்குப் பின் ஜனவரியில் ஒருமுறை மாதிரி எடுக்க வேண்டும். ஒரு லீற்றர் போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசிவிட்டு நிரப்பினால் இரசாயனப் பரிசோதனைக்குப் போதும். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தல்தான் வேண்டும். அதை அலசக்கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே, முடிந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை கட்டணத்துக்குப் பரிசோதித்துத் தரும்.

முடிவை இலங்கையின் குடிநீர்த் தரத்தோடு ஒப்பிடுங்கள். எஸ்.எல்.எஸ். 614 தரத்தின்படி ஒரு லீற்றரில் புளோரைட் 1 மில்லிகிராம், மொத்தக் கடினத்தன்மை 250, கரைந்த திண்மம் 500, நைத்திரேற்று 50 ஆகியவற்றை மீறக்கூடாது. மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமியான ஈ.கோலை இருக்கவே கூடாது. விற்பனையாளர் கையில் ஒரு ரீ.டீ.எஸ். மீற்றரோடு வந்து, கிணற்றுத் தண்ணீரில் 900, தன் தண்ணீரில் 30 என்று காட்டுவார். சனம் வாயைப் பிளந்து பார்க்கும். அந்த மீற்றர் கரைந்த உப்புகளின் மொத்தத்தை மட்டும்தான் சொல்லும். புளோரைட்டையும் காட்டாது, கிருமியையும் காட்டாது.

ஈ.கோலை மட்டும்தான் சிக்கல் என்றால் ஆர்.ஓ.வுக்கு வேலையே இல்லை. கிணற்றுக் கட்டை உயர்த்தி, சுற்றிச் சிமெந்துத் தளம் போட்டு, கழிவுநீரை ஐம்பது அடி தள்ளிக் கொண்டுபோய் விட்டு, குளோரின் போட்டால் போதும். பத்தடி விட்டமும் ஏழடித் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 15,000 லீற்றர் இருக்கும். 70 வீதக் குளோரின் தூள் 45 கிராமை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் பின்னேரம் ஊற்றிக் கலக்கிவிட்டால் காலையில் அள்ளலாம். கடினத்தன்மை மட்டும் கூட என்றால் கேத்தல் அடியில் வெள்ளை படியும், சவர்க்காரம் நுரைக்காது, தேத்தண்ணியின் ருசி கெடும். ஆட்களுக்கு அது எரிச்சலே தவிர ஆபத்தில்லை. புளோரைட் கூட என்றால்தான் உண்மையான பிரச்சினை. பிள்ளைகளின் பல்லில் கறை விழும், அளவு மிகவும் கூடினால் எலும்பையும் பாதிக்கும். கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி அது இன்னும் செறியும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வவுனியாப் பக்கத்திலும் வடமத்திய மாகாணத்திலும் பேசப்படும் சிறுநீரக நோயின் காரணம் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. ஆகவே ‘இந்த இயந்திரம் வந்தால் சிறுநீரக நோய் வராது’ என்று நிதி சேர்க்கும் துண்டுப்பிரசுரத்தில் போடாதீர்கள்.

இனி இயந்திரம். ஒரு குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 10 லீற்றர் வாங்கும் என்று வையுங்கள். 120 குடும்பத்துக்கு 1,200 லீற்றர். உங்களுக்கு விலை தந்திருப்பதோ 10,000 லீற்றர் இயந்திரம், மணிக்கு 500 லீற்றர். இரண்டரை மணித்தியாலத்தில் அன்றைய வேலை முடிந்துவிடும், மீதி நேரமெல்லாம் உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேன் சும்மா கிடக்கும். நாட்கணக்கில் ஓடாமல் கிடக்கும் மெம்பிரேனில் கிருமிப் படலம் வளரும். மணிக்கு 250 லீற்றர் இயந்திரம் தாராளம். பெரிதாக எடுத்தால் பின்னால் ஊர் வளரும்போது உதவும் என்று விற்பனையாளர் சொல்வார். ஊர் வளர்வதற்குள் மெம்பிரேன் செத்துவிடும்.

மணல் வடி, கரி வடி, 5 மைக்ரோன் கார்ட்ரிட்ஜ், உயரழுத்தப் பம்பு, மெம்பிரேன், கடைசியில் யூ.வீ. விளக்கு என்று வரிசை போகும். கார்ட்ரிட்ஜை மாதமொருமுறை பாருங்கள், மண்ணிறமானால் மாற்றுங்கள். யூ.வீ. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஏறக்குறைய 9,000 மணித்தியாலத்துக்குப் பிறகு கிருமி கொல்லும் வலு குறைந்துவிடும். வெளிச்சம் தெரிகிறதே என்று விடுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. நமது கடினநீருக்கு உப்புப் படிவதைத் தடுக்கும் மருந்தை உள்நீரில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் சிறு பம்பு கட்டாயம். விலையைக் குறைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் முதலில் கைவைப்பது அதில்தான். அது இல்லாவிட்டால் சில மாதங்களில் அழுத்தமானி ஏறும், நீரின் அளவு இறங்கும். கவனமாகப் பார்த்தால் மெம்பிரேன் மூன்று வருடம் போகும், பார்க்காவிட்டால் ஒரு வருடம்கூட நிற்காது. பின்னேரம் ஊர்க்கடைசி லைனில் மின் அழுத்தம் விழுவதும் உண்டு. அழுத்தம் குறைந்தால் தானே நிறுத்தும் பாதுகாப்பு இல்லாத மோட்டர் கருகிப் போகும்.

எல்லாவற்றிலும் பெரிய தலையிடி கழிவுநீர். இந்த அளவு இயந்திரம் உள்ளே எடுப்பதில் பாதியைத்தான் நல்ல நீராகத் தரும். 1,200 ரீ.டீ.எஸ். உள்ள தண்ணீரில் ஒரு லீற்றர் நல்ல நீர் எடுத்தால், ஏறக்குறைய 2,350 ரீ.டீ.எஸ். உள்ள ஒரு லீற்றர் வெளியே போகும். புளோரைட்டும் அப்படியே இரட்டிப்பாகும். அதை இயந்திர அறைக்குப் பின்னால் ஊற்றினால் அதே கிணற்றுக்குத்தான் திரும்பும். தோட்டத்துக்கு விட்டால் மண் உவராகும். மலசலகூடத்துக்குப் பாவிக்கலாம், அதுவும் பாடசாலைக்குப் பக்கத்தில் இருந்தால்.

மாதச் செலவை இப்படிப் போடுங்கள்: இயக்குபவர் சம்பளம், மின்சாரம், கார்ட்ரிட்ஜ், மருந்து, இவற்றோடு மெம்பிரேன் விலையை 36 ஆல் பிரித்த தொகை. அந்தக் கூட்டுத்தொகையை மாதம் விற்கும் 36,000 லீற்றரால் பிரித்தால் லீற்றருக்கு எவ்வளவு அறவிட வேண்டுமென்று வரும். அந்த விலையில் நாட்கூலியை நம்பி வாழும் குடும்பம் வாங்குமா என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். மாரியில் சனம் கிணற்றுக்குத் திரும்பிவிடும், விற்பனை பாதியாகும். ஆனால் சம்பளம் பாதியாகாது. அந்த நாலு மாத இடைவெளியில்தான் மெம்பிரேனுக்கு ஒதுக்கிய காசு சம்பளத்துக்குப் போய், பிறகு இயந்திரம் பூட்டிக் கிடக்கும்.

120 குடும்பம்தான் என்றால், பெரும்பாலானவை கல்வீடு என்றால், என் தெரிவு வீட்டு மழைநீர்த் தாங்கி. இந்திய வீட்டுத்திட்ட வீடு 550 சதுர அடி. இறவாரத்தோடு கூரை 50 சதுர மீற்றருக்குக் குறையாது. ஒரு மில்லிமீற்றர் மழைக்கு, சிந்துவது போக, 40 லீற்றர் வரும். 200 மில்லிமீற்றர் மழையில் 8,000 லீற்றர் நிரம்பும். நல்ல கார்த்திகை மாதமொன்றே அதைத் தரும். செலவைக் குறைக்கக் கூரையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பீலி போட்டால் 400 மில்லிமீற்றர் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து பேர், ஆளுக்கு நாலு லீற்றர் என்றால் நாளுக்கு 20 லீற்றர். மாசியிலிருந்து புரட்டாதி வரை 240 நாளுக்கு 4,800 போதும். அப்படியானால் ஏன் 8,000? யாரோ குளித்துவிடுவார்கள், அதற்காகத்தான்.

தாங்கியை மேசன் எவரும் பழகிக் கட்டலாம். எட்டடி விட்டம், ஆறடி உயரம். கால் அங்குலக் கம்பிக் கூடு, உள்ளும் புறமும் கோழிவலை, சிமெந்தும் மணலும் 1:3, சுவர் ஒன்றரை அங்குலம். பழுதாகும் இடம் ஒன்றுதான்: நனைப்பது. வைகாசி, ஆனியில் சோளகக் காற்று அடிக்கும்போது பூசிவிட்டு ஈரமில்லாமல் விட்டால் மயிர்வெடிப்பு விழும், பிறகு எத்தனை பூச்சுப் பூசினாலும் கசியும். சாக்கு சுற்றி, குறைந்தது பத்து நாள் காலை மாலை நனைக்க வேண்டும். ஊரில் தண்ணீர் வற்றும் காலமும் அதுதான், ஆகவே பவுசர் தண்ணீருக்கான செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள். முதல் நிரப்பில் சுண்ணாம்பு ருசி இருக்கும், அதைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும்.

முதல் மழை கூரைத் தூசியோடு வரும். அரை மில்லிமீற்றரைக் கழிக்க 25 லீற்றர் பிடிக்கும் குழாய் வேண்டும். நாலு அங்குலப் பைப் பத்தடி அந்த அளவுதான். நிலைகுத்தாக வைத்து அடியில் மூடி போடுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மூடியைத் திறக்க வீட்டார் மறப்பார்கள், மூடியில் 3 மில்லிமீற்றர் துளையொன்று போட்டுவிட்டால் தானே வடியும். நீர் புகும் வாய்க்கும் வழிந்தோடும் வாய்க்கும் நுளம்புவலை இல்லாவிட்டால் டெங்கு வளர்த்துக் கொடுத்ததாக முடியும். பிளாஸ்டிக் பீலி குரங்குக்கு ஒரு பருவம் தாங்காது, நாகத்தகட்டில் போடுங்கள். மணலைக் குடும்பத்தின் பங்காகக் கேட்பது நல்லதுதான், ஆனால் அனுமதிப்பத்திரமில்லாமல் ஆற்றில் அள்ளப் போய் உழவு இயந்திரத்தோடு பொலிஸில் நிற்க வைக்காதீர்கள். மணலை மட்டும் நீங்களே பற்றுச்சீட்டோடு வாங்கிக் கொடுங்கள்.

வயதானவர்கள் ‘மழைத்தண்ணி சப்பென்று இருக்கு’ என்பார்கள். இதைச் சமாளிக்க வழி, முதல் வருடம் பாடசாலையிலும் ஐந்து வீடுகளிலும் மட்டும் கட்டி ஒரு கோடையைக் கடக்க விடுவது. மிச்சக் காசு அதுவரை லண்டன் கணக்கிலேயே இருக்கட்டும்.

மாடு பற்றிச் சுருக்கமாக. முந்நூறு கிலோ கலப்பினப் பசுவுக்கு நாளுக்கு முப்பது கிலோ பச்சைப்புல் வேண்டும். கோடையில் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விட யாரிடம் கிணறும் பம்பும் இருக்கிறதோ, அவர்களுக்கு உங்கள் மாடு தேவையில்லை.

லண்டன் பக்கத்தில் முதலில் உங்கள் யாப்பை எடுத்துப் பாருங்கள். நோக்கம் ஹரோவில் வசிப்பவர்களுக்கு உதவி என்று மட்டும் இருந்தால், வன்னிக்குப் பணம் அனுப்ப அதைத் திருத்த வேண்டும். ஆங்கில வகுப்புக்கென்று கிடைத்த நன்கொடையைத் தொடவே முடியாது. நன்கொடைக்கு அரசு வரியைத் திருப்பித் தரும் கிஃப்ட் எயிட்டில் பவுணுக்கு 25 பென்ஸ் எடுக்கிறீர்களானால், வெளிநாட்டுக்குப் போன காசு சொன்ன வேலைக்குத்தான் போனது என்று காட்டும் பொறுப்பும் உங்களுடையதே. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம், முப்பது, நாற்பது, இருபது வீதமாகக் கட்டங்கள், கடைசிப் பத்து வீதம் ஒரு மாரி முடிந்து கசிவில்லை என்று கண்ட பிறகு. தனியார் கணக்குக்கு, அவர் எவ்வளவு நல்ல மனிதரானாலும், வேண்டாம். பொதுக் கட்டடம் எதுவென்றாலும் காணி யாருடையதென்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். காடோரமென்றால் வனத் திணைக்களத்தையும் கேளுங்கள்.

உங்கள் நிர்வாகக் குழுவில் பெரும்பாலானோர் எண்பதுகளில் போனவர்கள் என்றால், அவர்களுக்குத் தெரிந்த ஊர் வேறு. உங்கள் ஆங்கில வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் போன வருடம் வன்னியிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். எந்தக் குழாய்க்கிணறு எப்போது உவரானது, எந்தச் சங்கத்தில் கணக்கு வாசிப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இருவரை இந்தத் திட்டக் குழுவில் வாக்குரிமையோடு சேருங்கள். கிணற்றுப் பரிசோதனை முடிவுகளை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் வேலையையும் கொடுங்கள். அவர்களுடைய ஆங்கிலத்துக்கும் அது பயிற்சி.

ஓகஸ்ட்டில் திறப்பு விழா வைத்தால் வெறும் தாங்கிக்குத்தான் நாடா வெட்டுவீர்கள். பத்துப் பேர் வருவதானால் இந்த முறை கூட்டம் கூடிக் கணக்குக் கேளுங்கள், மாதிரி எடுக்கும் எட்டுக் கிணறுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். செப்ரெம்பரில் யார் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவது என்பதை அந்தக் கூட்டத்திலேயே பெயரோடு குறித்து, போக்குவரத்துக் காசையும் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.