மலையில் தங்கும் இரவும் சர்க்கரை மாத்திரையும்

கேள்வி: எனக்கு 51 வயது. மார்த்தாண்டம் பக்கம் பள்ளி ஆசிரியை. சில வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலை, இரவு. பிரஷருக்கும் ஒரு மாத்திரை உண்டு. சக ஆசிரியைகளுடன் அகத்தியர்கூடம் போக அனுமதி கிடைத்திருக்கிறது. வழிகாட்டி வருவார், இரண்டு இரவு காட்டில் தங்க வேண்டுமாம். உயரத்தில் மூச்சு முட்டும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். போகலாமா?

பதில்: மூச்சு முட்டும் பயத்தை முதலில் விடுங்கள். உயரத்தால் வரும் மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான். அகத்தியர்கூடத்தின் உச்சியே 1,868 மீட்டர். நீங்கள் படுக்கப்போகும் அதிருமலை அதைவிடக் கீழே. ஏறும்போது மூச்சு வாங்கும், அது பயிற்சி போதாததால். ஆனால் நெஞ்சு அழுத்தினாலோ, நின்ற பிறகும் மூச்சு அடங்காவிட்டாலோ மேலே போகக் கூடாது.

எனக்குக் கவலை உங்கள் இரவு மாத்திரை. நடை தொடங்கும் போணக்காட்டிலிருந்து பகல் முழுக்க நடந்தால் தசையில் இருந்த சர்க்கரை தீர்ந்துபோகும். படுத்த பிறகு தசை அதை ரத்தத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டே இருக்கும். கிளிமிபிரைடோ சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். இரண்டும் சேர்ந்தால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், குழறல் வந்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் ‘பாவம், அசதி’ என்று போர்த்திவிட்டுத் தூங்கிவிடுவார். அங்கே வண்டியும் வராது.

அதனால் அந்த நாட்களுக்கு மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். பிரஷர் மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். வியர்த்துக் கொட்டும் நாளில் அது தலைசுற்ற வைக்கும். குளுக்கோமீட்டரைக் கைப்பையில் வையுங்கள், ஸ்ட்ரிப் டப்பாவை ஈரம் படாமல் மூடி வையுங்கள். ராத்திரி கஞ்சியும் பயறும் கிடைத்தால் வயிறாரச் சாப்பிடுங்கள், அன்று டயட் பார்க்க வேண்டாம். படுக்கும் முன் சோதித்து 100-க்குக் கீழே இருந்தால் ஒரு ஏத்தன் பழமோ நாலு பிஸ்கட்டோ சாப்பிட்டுப் படுங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். குளுக்கோஸ் பொட்டலம் தலைமாட்டில் இருக்கட்டும். பக்கத்தில் படுப்பவருக்கும் வழிகாட்டிக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மற்றவை சின்ன விஷயங்கள். வியர்வையில் நனைந்த சட்டையை இருட்டும் முன் மாற்றிவிடுங்கள், குளிர் அதில்தான் ஏறும். ராத்திரி ஒன்றுக்குப் போக வேண்டுமே என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைக்காதீர்கள். துணைக்கு ஒருவரை எழுப்பி, டார்ச்சுடன் போங்கள். யானை நடமாடும் காடு, தனியாக வேண்டாம். புது இடம், பக்கத்தில் குறட்டை, தூக்கம் சரியாக வராது. தூக்க மாத்திரை மட்டும் போடாதீர்கள்.

அட்டை கடித்தால் நகத்தால் அதன் வாயோரம் நெம்பி எடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அது ஒன்றைச் செலுத்துவதால் ஒரு மணி நேரம்கூடக் கசியும். பயப்பட வேண்டாம், துணி வைத்து அழுத்தினால் போதும். ஆஸ்பிரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் நேரமாகும். சர்க்கரைக்காரர்களுக்கு அட்டையைவிடக் கால் கொப்புளம்தான் தொந்தரவு. புது ஷூவைப் பழக்கிவிட்டுப் போங்கள். தினமும் படுக்கும் முன் பாதத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

கிளம்பும் முன் மருந்துவாழ் மலையில் இரண்டு மூன்று ஞாயிறு ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பயணத்துக்கான மருத்துவச் சான்றைத் தெரிந்தவரிடம் கையெழுத்தாக மட்டும் வாங்காமல், ஈசிஜியும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்த்து வாங்குங்கள். அவை சரியாக இருந்தால் தாராளமாகப் போகலாம்.

திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால், காட்டில் தங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே சிகரெட் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.