மாட்டுச் சினை ஸ்கேனுக்குத் தலையில் அணியும் திரை: எதை வாங்குவது?

வணக்கம் டாக்டர். வெயிலில் கையடக்க ஸ்கேனரின் திரை தெரியாததால், ஒரு கண் முன் மட்டும் நிற்கும் ஒற்றைக்கண் திரை வாங்குவதா, இரு கண்களையும் மூடும் இருகண் திரை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாள் முழுவதும் தொழுவத்தில் நிற்பவருக்கு ஒற்றைக்கண் திரையையே நான் சொல்வேன். ஒரு கை புரோபுடன் (ஸ்கேனரின் உணர்முனை) மலக்குடலுக்குள் இருக்கும்போது, மாடு பின்னங்காலைத் தூக்குவதை மறு கண் கவனித்தாக வேண்டும். 30 நாள் சினையில், கருத்த நீர்ப்பகுதிக்குள் வெண்பொட்டாகத் தெரியும் கருவையும் அதன் இதயத் துடிப்பையும் காண ஒற்றைக்கண் திரை போதும். ஆனால் 60ஆம் நாளையொட்டிக் கன்றின் பாலினம் பார்ப்பதானால், பிறப்புறுப்பு முகிழ் தொப்புள்கொடிக்கு அருகில் உள்ளதா, வாலடியில் உள்ளதா என்று நுணுகிப் பார்க்க வேண்டியிருப்பதால், வெளிச்சத்தை மறைக்கும் இருகண் திரையே நல்லது. மழைக்காலத்தில் அது ஆவி படிந்து மங்குவதுதான் தொல்லை.

கம்பியில்லாத திரையில் படம் சற்றுப் பிந்தி வரக்கூடும் என்பதால் கம்பி இணைப்பையே நான் விரும்புகிறேன் (மாடு அதை மிதிப்பது தனிக்கதை). வாங்குமுன் உங்கள் ஸ்கேனரில் படத்தை வெளித் திரைக்குக் கம்பி வழி அனுப்பும் எச்.டி.எம்.ஐ. வெளியீடு உள்ளதா என்று பாருங்கள். பவர் கண்ணாடி அணிபவரானால், அதைக் கழற்றாமலே திரையை மாட்டிப் பாருங்கள்.