வெள்ளைச் சட்டையும் சிவப்புத் துப்பட்டாவும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேலைக்குச் செல்லும் எனக்கு, இரவுச் சமையலையும் பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தையும் முடித்துவிட்டுப் பத்து மணிக்கு மேல்தான் துணி துவைக்க நேரம் கிடைக்கிறது. சென்ற வாரம் அரைத் தூக்கத்தில், புதிதாக வாங்கிய சிவப்புச் சுங்குடித் துப்பட்டாவைப் பள்ளிச் சீருடைகளோடு சேர்த்து மெஷினில் போட்டுவிட்டேன். மூன்று வெள்ளைச் சட்டைகளும் ரோஜா நிறமாகிவிட்டன. காய வைத்து இஸ்திரி போட்டும் நிறம் போகவில்லை. பிளீச்சிங் பவுடரில் ஊற வைக்கலாமா? – மதுரை வாசகி

பதில்: பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அதில் கரையாமல் தங்கும் துகள்கள் துணியில் படிந்த இடங்களைப் பொத்தலாக்கிவிடும். சட்டைப் பையில் தைத்திருக்கும் பள்ளிச் சின்னத்தின் நிறமும் போய்விடும். இஸ்திரி போட்டதுதான் சற்று அவசரப்பட்ட காரியம். சாயம் ஏறிய துணி ஈரமாக இருக்கும்வரை அதை வெளியேற்றுவது எளிது. காய்ந்து சூடுபட்டபின் கூடுதலாக மெனக்கெட வேண்டும். ஆனாலும் சட்டைகளைக் கரித்துணியாக்க வேண்டிய நிலை இன்னும் வந்துவிடவில்லை.

சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணி சிவந்திருக்க, தையல் நூல் மட்டும் வெள்ளையாகவே இருக்கக்கூடும். தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்திக்கான சாயம் அதில் எளிதில் பிடிப்பதில்லை. சீருடைத் துணியும் வழக்கமாகப் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்ததுதான் என்பதால், சாயம் அதிலுள்ள பருத்தி இழைகளை மட்டுமே பற்றியிருக்கும். துப்பட்டாவின் இரத்தச் சிவப்பு உங்கள் சட்டைகளில் ரோஜா நிறத்தோடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கறை நீக்கும் தூள் என்று கடைகளில் விற்பவற்றுள், உறையின் பின்புறம் சோடியம் பெர்கார்பனேட் என்று அச்சிட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். அது நீரில் கரையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிந்து, சாயத்தின் நிறத்தைச் சிதைக்கிறது. கை பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 40 முதல் 50 டிகிரி வெந்நீரில், உறையில் சொன்ன அளவுக்குக் கரைத்து, சட்டைகள் முழுவதும் மூழ்கும்படி வாளியில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். வாயு வெளியேற வேண்டும் என்பதால் வாளியை இறுக மூடாதீர்கள். காலையில் அலசிப் பார்த்து, நிறம் வெளிறியிருந்தும் முழுமையாகப் போகவில்லை என்றால், காய வைக்காமல் மறுபடியும் புதுக் கரைசலில் ஊற வையுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் இது ஆகாது.

இதற்கும் மசியாத சிவப்புகள் உண்டு. அப்போதுதான் திரவ பிளீச்சைப் பற்றி யோசிக்க வேண்டும்; அதுவும் சின்னத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, உள்மடிப்பில் ஒரு துளி வைத்துச் சோதித்தபின், நிறைய நீரில் கலந்து, சில நிமிடங்களுக்கு மட்டுமே. கழிவறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ அதனுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூச்சையடைக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

துப்பட்டாவைக் கல்லுப்பில் ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்; என் அம்மாவும் சொல்வார். சாயத் தொட்டியில் சாயம் நூலைப் பற்றுவதற்கு உப்பு உதவுவது உண்மைதான். ஆனால் சாயமிட்டு முடிந்த துணியில், ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை அது நிரந்தரமாகக் கட்டிப்போடாது. அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை துப்பட்டாவைத் தனியாகத் துவைப்பதுதான் வழி. துவைக்கும் முன் அதன் ஓரத்தை நனைத்து, பழைய வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பார்த்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

கேள்வி: மனைவிக்கு மாலை நேரப் பணி என்பதால் எங்கள் வீட்டில் சலவை என் பொறுப்பு. மகனின் கால்சட்டைப் பையில் இருந்த பேனா மெஷினுக்குள் உடைந்து, துணிகளிலும் டிரம்மிலும் நீல மை அப்பிவிட்டது. பிரஷ்ஷால் தேய்த்ததில் கறை பரவியதுதான் மிச்சம். – திருப்பூர் வாசகர்

பதில்: தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள். பால்பாயிண்ட் மை தண்ணீரில் எளிதில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். கறையின் மேற்புறம் பழைய துண்டில் படும்படி துணியைக் கவிழ்த்துப் போட்டு, கறையின் பின்பக்கத்திலிருந்து சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையோ ஆல்கஹால் கலந்த சானிடைசரையோ பஞ்சில் நனைத்து ஒற்றி எடுங்கள். மை அடியில் உள்ள துண்டுக்கு இறங்குவதைக் கண்ணால் காணலாம். துண்டில் சுத்தமான இடத்துக்குத் துணியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் இறங்கிய மையே திரும்ப ஏறும். நிறத் துணியாக இருந்தால் முதலில் ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். உடைந்தது ஜெல் பேனா என்றால் என்னால் அவ்வளவு நம்பிக்கை தர முடியாது. அவ்வகை மைகள் பலவற்றில் இருப்பது கரையாத நிறமித் துகள்.

டிரம்மை, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் என்பதால், வாசம் முழுவதும் போகும்வரை கதவைத் திறந்து வைத்து, பிறகு வெறும் மெஷினைப் பழைய துணி ஒன்றோடு ஒருமுறை ஓட விடுங்கள். அந்தத் துணியில் நீலம் படியாவிட்டால் சீருடைகளைப் போடலாம்.

கேள்வி: சாம்பார் சிந்திய சட்டையில் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. துணி கெட்டுவிட்டதா? – கும்பகோணம் வாசகி

பதில்: கெடவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். ஆலம் கரைக்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதனால்தான். சோப்பு போக அலசினால் மஞ்சளாகத் திரும்பிவிடும். மஞ்சள் நிறம் வெயிலில் வெளிறும் தன்மையுடையது என்பதால், எண்ணெய்ப் பிசுக்கு போகத் துவைத்து, கறை மேலே தெரியும்படி நல்ல வெயிலில் போடுங்கள். முதல் நாளே முழுவதும் போகாது. ஈரப்படுத்தி மறுநாளும் போடுங்கள்.

கேள்வி: துவைத்த துணிகளை மெஷினிலேயே மறந்து தூங்கிவிடுகிறேன். காலையில் ஒரே முடை நாற்றம். – சென்னை வாசகி

பதில்: வாசனைத் திரவம் ஊற்றி மறைக்காமல், முழுமையாக மறுபடி துவைத்துவிடுங்கள். முன்பக்கம் கதவுள்ள மெஷின் என்றால், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை விரலால் விரித்துப் பாருங்கள். வழவழப்பான அழுக்கும், அநேகமாகக் காணாமற்போன ஒற்றைக் காலுறையும் அங்கே கிடைக்கும்.