எட்டு மணி நேரம் யார் கொடுத்தது? உழைப்பாளர் வரலாறு: கேள்வி பதில்

தொழிலாளர் வரலாற்றில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பாதிக்கு மேல் வேலை நேரத்தைப் பற்றியவை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எட்டு மணி நேர வேலை சிகாகோ போராட்டத்தில்தான் கிடைத்தது என்று படித்திருக்கிறோம். சரிதானா அக்கா?

பாதிதான் சரி. சிகாகோவுக்கு ரொம்ப முன்பே அந்தக் கோரிக்கை பிறந்துவிட்டது. எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு என்ற முழக்கத்தை பிரிட்டிஷ் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் 1817இலேயே முன்வைத்தார். முதலில் அதைச் சாதித்துக் காட்டியவர்களில் மெல்போர்ன் கொத்தனார்கள் முக்கியமானவர்கள். 1856 ஏப்ரல் 21 அன்று பல்கலைக்கழகக் கட்டட வேலையில் இருந்த கல் தச்சர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, வழியில் மற்ற கட்டட வேலைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றக் கட்டடம்வரை ஊர்வலம் போனார்கள். எட்டு மணி நேரம் கிடைத்தது, கூலியும் குறையவில்லை. அங்கே தங்க வேட்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. கைத்தொழில் தெரிந்த ஆளுக்குக் கடும் பஞ்சம். அந்தச் சாதகத்தை அவர்கள் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சிகாகோவில் 1886 மே 1 அன்று பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 4 இரவு அந்நகரின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம் முடியும் நேரத்தில் போலீஸ் உள்ளே வந்தது, யாரோ குண்டு வீசினார்கள். வீசியவர் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 1887 நவம்பரில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவர் அதற்கு முந்தைய நாள் சிறையிலேயே உயிரை விட்டார். மிச்சமிருந்த மூன்று பேரையும் 1893இல் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுதலை செய்து, நடந்த விசாரணையே நியாயமானதல்ல என்று எழுதினார்.

எட்டு மணி நேரம் அப்போது கிடைக்கவில்லை. 1889இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு அடுத்த ஆண்டு மே முதல் தேதியைப் போராட்ட நாளாக அறிவித்தது, அந்த நாள் நிலைத்துவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே ஒரு நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான். ஆண்டு 1919. ஓவனின் முழக்கத்திலிருந்து எண்ணினால் நூறு ஆண்டுக்கு மேல்.

தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பும் மக்கள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உழைத்தார்கள்தானே? அப்படியிருக்க, ஆலை நேரத்தை மட்டும் ஏன் அவ்வளவு கொடுமை என்கிறோம்?

நல்ல கேள்வி. உழைத்தார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் தறி வைத்திருந்த நெசவாளி வேகத்தைத் தானே வைத்துக்கொண்டார். இங்கிலாந்துக் கைவினைஞர்கள் திங்கட்கிழமை வேலையைத் தொடாமல் இருந்துவிட்டு வாரக் கடைசியில் இரவெல்லாம் விழித்து ஈடுகட்டுவார்கள். 'புனிதத் திங்கள்' என்று அதற்குப் பெயரே உண்டு. ஆலை வந்ததும் வேகம் இயந்திரத்தின் கைக்குப் போனது, நேரம் முதலாளியின் கைக்குப் போனது.

சில ஆலைகளில் காலையில் கடிகார முள்ளை முன்னால் தள்ளி வைப்பார்கள், மாலையில் பின்னால் இழுத்து வைப்பார்கள். தொழிலாளி கடிகாரம் வைத்திருக்கவும் கூடாது. உண்மையான நேரம் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அந்தக் காலத் தொழிலாளிகளே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

1832இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் எலிசபெத் பென்ட்லி என்ற 23 வயதுப் பெண் சாட்சி சொன்னார். லீட்ஸ் நகரத்தில் லினன் துணிக்கான ஆளிநார் நூற்கும் ஆலையில் ஆறு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். வேலை அதிகமுள்ள காலத்தில் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது மணிவரை. சாப்பாட்டுக்கு மதியம் 40 நிமிடம், அவ்வளவுதான். நூல் சுற்றி நிறைந்த உருளைகளை எடுத்துவிட்டு வெற்று உருளைகளை மாட்டுவது அவர் வேலை. கை கொஞ்சம் தளர்ந்தால் வார் அடி. கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் சுருக்கமாக, நேராகப் பதில் சொல்லிக்கொண்டே போகிறார். உழைப்பாளர் வரலாறு படிக்க வருகிற எல்லாரையும் முதலில் அந்தச் சாட்சியத்தைத்தான் படிக்கச் சொல்வேன்.

அடுத்த ஆண்டு, 1833இல், சட்டம் வந்தது. பெரும்பாலான நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கத் தடை. நாடு முழுவதற்கும் ஆய்வாளர்கள் நான்கே பேர். ஆள் போதாது என்றாலும், முதலாளியிடம் சம்பளம் வாங்காத ஒருவர் ஆலைக்குள் நுழைந்து பார்க்கலாம் என்று ஆனதே பெரிய மாற்றம்.

இயந்திரங்களை உடைத்த லட்டைட்டுகள் முன்னேற்றத்துக்கு எதிரானவர்களா?

இல்லை. பல ஆண்டுகளாக இயந்திரத்தில் வேலை பார்த்தவர்கள்தான் அவர்கள். 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பக்கம் காலுறை பின்னுகிறவர்கள் தொடங்கியது அது. தொழில் பழகாத ஆட்களை வைத்து மட்டமான சரக்கைத் தயாரித்து, அதைக் காட்டிக் கூலியைக் குறைத்த முதலாளிகளின் தறிகளைத் தேடிப் போய் உடைத்தார்கள். ஒழுங்காகக் கூலி கொடுத்தவர்களின் தறிகளைத் தொடாமல் விட்ட இடங்கள் உண்டு. 1812இல் தறி உடைப்புக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியவர்களில் கவிஞர் பைரனும் ஒருவர், சபையில் அவருடைய கன்னிப் பேச்சே அதுதான். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கில் போட்டார்கள்.

உலகின் முதல் வேலைநிறுத்தம் எது?

எழுத்தில் பதிவானவற்றில் பழையது எகிப்தில், மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டில். இன்றைக்கு 3,100 ஆண்டுகளுக்கும் முன்னால். மன்னர்களின் கல்லறை கட்டிய தொழிலாளர்களுக்குக் கூலியாக வரவேண்டிய தானியம் வரவில்லை. வேலையை விட்டு வெளியேறி ஒரு கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசி, உடுக்கத் துணியில்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அவர்கள் சொன்னதை எழுத்தர் குறித்து வைத்த பாப்பிரஸ் சுருள் இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாக்கி வந்தது, திரும்பவும் தாமதமானது, அவர்கள் திரும்பவும் உட்கார்ந்தார்கள்.

சங்கம் வைத்ததற்காக நாடு கடத்தினார்களாமே, உண்மையா?

உண்மைதான். டால்படில் என்ற இங்கிலாந்துக் கிராமத்தில் ஆறு விவசாயக் கூலிகள். வாரக் கூலி ஒன்பது ஷில்லிங்கிலிருந்து ஏழுக்கு இறங்கியது, ஆறாக்கப் போவதாகவும் பேச்சு. ஜார்ஜ் லவ்லஸ் தலைமையில் சங்கம் சேர்ந்தார்கள். 1834இல் சங்கம் வைப்பது சட்டப்படி குற்றமில்லை. அதனால், கடற்படைக் கலகத்துக்காக 1797இல் போட்ட ஒரு சட்டத்தைத் தேடி எடுத்து, ரகசியச் சத்தியம் செய்துகொண்டார்கள் என்று வழக்குப் போட்டு ஏழு ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். விடுதலை கேட்டு மக்கள் திரண்டார்கள், 1836இல் மன்னிப்பு வழங்கப்பட்டது.

பெண்கள் பெயரே அதிகம் கண்ணில் படுவதில்லையே, அவர்கள் போராடவில்லையா?

பல இடங்களில் முதலில் வெளியே வந்ததே அவர்கள்தான் அம்மா. 1917இல் ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் வீதிக்கு வந்ததில் தொடங்கிய கிளர்ச்சியில் ஜாரின் ஆட்சியே போனது.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டுமென்றால் லண்டன் தீப்பெட்டித் தொழிலாளர்களைச் சொல்வேன். கிழக்கு லண்டனில் பிரையன்ட் அண்ட் மே ஆலை, ஆண்டு 1888. வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிறுமிகளும் இளம்பெண்களும். பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம், பற்றிப்போன தீக்குச்சியை மேசையில் வைத்தால் அபராதம். சொற்பக் கூலியிலிருந்து இத்தனையும் பிடித்தம். அதைவிடக் கொடியது தீக்குச்சி மருந்தில் சேர்த்த வெள்ளைப் பாஸ்பரஸ். வேலை செய்கிற இடத்திலேயே சாப்பிட்டார்கள், கையிலும் காற்றிலும் இருந்த பாஸ்பரஸ் உணவோடு உள்ளே போனது. முதலில் பல்வலி, அப்புறம் வீக்கம், அப்புறம் தாடை எலும்பே அழுகிப்போகும்.

அன்னி பெசன்ட் இதை விசாரித்துப் பத்திரிகையில் எழுதினார். எழுதியதெல்லாம் பொய் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடும்படி நிர்வாகம் தொழிலாளர்களைக் கேட்டது. அவர்கள் போடவில்லை. ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தியதும் மொத்தமாக வெளியே வந்தார்கள், சுமார் 1,400 பேர். பெசன்ட்தான் ஸ்டிரைக்கைத் தொடங்கி வைத்தார் என்று பலர் எழுதுகிறார்கள். கையெழுத்துப் போட மறுத்ததும் வெளிநடப்புச் செய்ததும் அந்தப் பெண்களே எடுத்த முடிவு, அந்தப் பெருமை அவர்களுக்குத்தான் போக வேண்டும். சில வாரங்களுக்குள் ஜெயித்தார்கள். அபராதங்கள் ஒழிந்தன, சாப்பிடத் தனி அறை கிடைத்தது. வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்யும் பெர்ன் உடன்படிக்கை 1906இல்தான் வந்தது.

அடுத்த ஆண்டே லண்டன் துறைமுகக் கூலிகள் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு இறங்கி ஜெயித்தார்கள். தொழில் பழகாத கூலிகளால் சங்கம் நடத்த முடியாது என்று அதுவரை பேசிவந்தவர்களுக்கு இந்த இரண்டு ஸ்டிரைக்கும் பதில் சொல்லிவிட்டன.

இந்தியாவில் எப்படி?

1881இன் முதல் தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பின்னால், பம்பாய் மில்களின் போட்டியைக் கண்டு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலும் இருந்தது. தொழிலாளர் தரப்பில் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் மில் தொழிலாளர்களைத் திரட்டினார். ஞாயிறு விடுமுறை 1890இல் கிடைத்ததில் அவர் பங்கு பெரியது.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் தொடங்கியது. பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டுச் சங்கத்துக்கு அடிபோட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். தலைவர் பி. பி. வாடியா, அதே அன்னி பெசன்டின் சகா. நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டது, சென்னை உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. சங்கம் நடத்துகிறவருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பது அதில்தான் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஜெர்மனியில் சான்சலர் பிஸ்மார்க் தானாகவே காப்பீடு கொடுத்தாராமே?

1883இல் மருத்துவக் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதியோர் ஓய்வூதியம். ஆனால் 1878இலிருந்து சோஷலிஸ்டுகளை ஒடுக்கும் சட்டமும் அவர் கையில்தான் இருந்தது. தொழிலாளர்கள் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்ற பயத்தில் கொடுத்தது. இயக்கம் வளராமல் இருந்திருந்தால் அவருக்கு அந்த அவசரம் வந்திருக்காது.

சங்கங்கள் எப்போதும் நியாயத்தின் பக்கமே நின்றனவா?

இல்லை. இதை மறைத்துச் சொல்கிற வரலாறு எனக்குப் பிடிக்காது. அமெரிக்காவில் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுத்த 1882 சட்டத்தைப் பல சங்கங்கள் ஆதரித்தன. 1894இல் ரயில் பெட்டி செய்யும் புல்மன் நிறுவனத்துக்கு எதிரான ஸ்டிரைக்கை நடத்திய ரயில்வே சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது, சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் சேர்க்கச் சொல்லியும் கேட்கவில்லை. உள்ளே விடாதவர்களை, ஸ்டிரைக்கின்போது வேலைக்குப் போனால் கருங்காலி என்று திட்டுவதில் என்ன நியாயம்? பிறகு ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் ரயில் படுக்கைப் பெட்டிகளின் கறுப்பினப் பணியாளர்கள் 1925இல் தனிச் சங்கம் கண்டார்கள். அதே புல்மன் நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் போட 1937 ஆனது.

1912இல் மசாசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் ஸ்டிரைக்கில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சட்டம் வார வேலையை 56 மணியிலிருந்து 54ஆக்கியது, முதலாளிகள் அதற்கேற்பக் கூலியைக் குறைத்தார்கள். பல மொழி பேசும் குடியேறிகள், அதிலும் ஏராளமான பெண்கள், வெளியே வந்தார்கள். கூட்டங்களில் ஒவ்வொரு மொழியிலும் பெயர்த்துச் சொன்னார்கள், குழுவில் ஒவ்வொரு மொழிக்காரருக்கும் இடம் இருந்தது. இரண்டு மாதத்தில் கூலி உயர்வோடு திரும்பினார்கள். பெரிய சங்கங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஜனங்கள் அவர்கள்.

என் தாத்தா ஆலைத் தொழிலாளி. அவர் வரலாற்றை எங்கே தேடுவது அக்கா?

அவர் இருந்தால் அவரிடமே கேளுங்கள் தம்பி, இல்லையென்றால் அவரோடு வேலை பார்த்தவர்களிடம். ஸ்டிரைக் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போனால் என்ன நடக்கும், சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடித்தார்கள், உடம்புக்கு முடியாத நாளில் வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஸ்டிரைக் கதை தானாக வரும். சங்க அட்டை, சம்பளச் சீட்டு, வேலைநீக்கக் கடிதம் ஏதாவது இருந்தால் படம் எடுத்து, தேதியையும் ஆலைப் பெயரையும் கூடவே எழுதி வையுங்கள். பாட்டியையும் மறக்காமல் கேளுங்கள், ஸ்டிரைக் மாதங்களில் குடும்பத்தை ஓட்டியது அவராகத்தான் இருக்கும்.